பதிவேட்டில் பெயர் உண்டா?

தேவ்நார் என்றதும் மும்பைக்காரர்களுக்கு மூன்று விஷயங்கள் நினைவுக்கு வரும்: குப்பை மலை, இறைச்சிக் கூடம், டாடா சமூக அறிவியல் கழகம். முதல் இரண்டையும் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது 1954லிருந்து அங்கே இருக்கிறது. சமூக சேவை என்றாலே 'டாட்டா' என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சொல்லும் அளவுக்குப் பெயர் பெற்றது. காது கேளாத, மனவளர்ச்சி குன்றிய அல்லது எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி ஆசைப்பட்டால், அவளுக்கு முதலில் காட்டப்படும் வாசல் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

நல்ல வாசல்தான். ஆனால் வேறு வேலைக்கான வாசல். மாற்றுத்திறனாளிகள் தொடர்பாக அங்கு சொல்லித்தரப்படுவது சமூகப் பணி சார்ந்த மேற்படிப்பு. குடும்பத்தோடு பேசவும், அரசுத் திட்டங்களைப் பெற்றுத்தரவும், உரிமைக்காக வாதாடவும் அது தகுதி தரும். வகுப்பறையில் அந்தக் குழந்தைக்கு 'அ' எழுதக் கற்றுத்தரும் வேலைக்கு வேறு படிப்பு வேண்டும். அந்த வேறு படிப்பு எது, அதற்கு முன் எந்தப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்ற எளிய கேள்விக்குப் பல வீடுகளில் பதில் தெரியாது. தெரியாததன் விலை சாதாரணமாக மூன்று வருடம்.

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் 'சிறப்பாசிரியர்' என்றால் ஓவியம், தையல், உடற்கல்வி சொல்லித்தருபவர். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பவரை அங்கு 'சிறப்புப் பயிற்றுநர்' என்று சொல்வது வழக்கம். மும்பையில் 'ஸ்பெஷல் டீச்சர்' என்பார்கள். தனியார் பள்ளிகளில் ஒரு குழந்தையோடு மட்டும் கூடவே உட்காருபவர் 'ஷேடோ டீச்சர்'. இவர்களில் பலருக்குப் பெற்றோரே சம்பளம் தருகிறார்கள். டியூஷன் எடுப்பவர் 'ரெமடியல் டீச்சர்'. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். சட்டத்தின் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை.

அந்தச் சட்டம் 1992ல் வந்தது. 1986ல் ஒரு சங்கமாகத் தொடங்கப்பட்ட இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலுக்கு அது சட்ட அதிகாரம் தந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் 16 வகைத் தொழில்களைக் கவுன்சில் கவனிக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர், செயற்கைக் கால் செய்பவர் என்று நீளும் அந்தப் பட்டியலில் சிறப்புக் கல்வி ஆசிரியரும் ஒருவர். அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்துவிட்டு மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொண்டவர்தான் அந்த வேலையைச் செய்யலாம். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் எப்படியோ, இவருக்கு இந்த எண் அப்படி. பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவு நிரந்தரமானதும் அல்ல. குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் தொடர்பயிற்சி வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்.

ஆகவே 'என்ன பட்டம்' என்று கேட்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: இளங்கலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆக முடியாது. உளவியலில் பி.ஏ. வாங்கினாலும், சமூகப் பணியில் பட்டம் வாங்கினாலும், குழந்தை வளர்ச்சி பற்றிப் படித்தாலும் பதிவு எண் கிடைக்காது. சாதாரண பி.எட். முடித்தவருக்கும் அதே கதி. எண்ணைத் தருவது கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்விப் படிப்பு மட்டுமே. பட்டம் அதற்கான நுழைவுச்சீட்டு.

இதற்கு இரண்டு ஏணிகள் உண்டு. ஒன்று குட்டையானது. பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீத மதிப்பெண்ணோடு சேரக்கூடிய இரண்டாண்டு சிறப்புக் கல்வி டி.எட். டிப்ளமா. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு மதிப்பெண்ணில் சலுகை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் என்ன பாடம் எடுத்தார் என்பது பெரிய தடையல்ல. முடித்ததும் பதிவு எண் கிடைக்கும். சிறப்புப் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புகளிலும் வேலைக்கு அது போதும்.

மற்றொன்று நெட்டையானது. பட்டம் வாங்கிய பிறகு சிறப்புக் கல்வி பி.எட். இதற்கும் பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். ஒரு காலத்தில் ஓராண்டாக இருந்த படிப்பு 2015லிருந்து இரண்டாண்டாயிற்று. ஆக ப்ளஸ் டூவுக்குப் பின் மொத்தம் ஐந்து வருடம். பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கே ஆண்டில் முடிக்கும் ஒருங்கிணைந்த படிப்பும் வந்திருக்கிறது. 2030க்குள் ஆசிரியர் வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். என்று 2020ன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அதையொட்டி, சிறப்புக் கல்வியிலும் இனி நான்காண்டுப் படிப்பின் பக்கமே போவதாகக் கவுன்சில் 2024 தொடக்கத்தில் அறிவித்தது. எனவே இன்று பட்டப்படிப்பில் சேரும் பெண், 'பி.ஏ. முடியட்டும், பி.எட். பற்றி அப்புறம் பார்க்கலாம்' என்று இருக்க முடியாது. ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலேயே இதை விசாரித்துவிட வேண்டும்.

எந்தப் பாடத்தில் பட்டம் என்பதும் முக்கியம். சிறப்புக் கல்வி பி.எட்.டில் மாணவர் இரண்டு விஷயங்களில் தேர்ச்சி பெறுகிறார். ஒன்று, ஒரு குறைபாட்டைப் பற்றியது. செவித்திறன், பார்வை, அறிவுசார் வளர்ச்சி, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என்று பிரிவுகள் உண்டு. இதில் ஒன்றைச் சேரும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றது, பள்ளிப் பாடத்தைக் கற்பிக்கும் முறை. கணிதம், அறிவியல், சமூக அறிவியல், ஆங்கிலம் அல்லது வட்டார மொழி. பார்வையற்ற மாணவனுக்குப் பிரெயில் சொல்லித்தரத் தெரிந்தால் மட்டும் போதாது. எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவும் சொல்லித்தரத் தெரிய வேண்டும். ஆகவே பள்ளியில் பாடமாக உள்ள ஒன்றில், அதாவது தமிழ், மராத்தி, ஆங்கிலம், வரலாறு, கணிதம் போன்றவற்றில், பட்டம் பெற்றவருக்குப் பின்னால் வழி அகலமாகிறது. உளவியல் பட்டதாரிக்கு பி.எட்.டில் இடம் கிடைக்கலாம். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பாட ஆசிரியராக அவரை நியமிப்பது என்ற கேள்வி வேலை நேரத்தில் எழும். வணிகவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகள் விஷயத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறுகிறது. விண்ணப்பப் படிவத்துக்குப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. கவுன்சில் கல்லூரிக்கு ஒட்டுமொத்தமாக அங்கீகாரம் தருவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு குறைபாட்டுப் பிரிவுக்கும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தருகிறது. ஒரே கட்டடத்தில் செவித்திறன் பிரிவுக்கு அங்கீகாரம் இருந்து ஆட்டிசம் பிரிவுக்கு இல்லாமல் போகலாம். போன வருடம் இருந்தது இந்த வருடம் காலாவதியாகியிருக்கலாம். தெருவோரப் பலகைகளில் விளம்பரமாகும் மூன்று மாத, ஆறு மாத சர்டிபிகேட் வகுப்புகள் குழந்தையின் தாய்க்கு உபயோகமாக இருக்கலாம். வேலைக்கு உதவாது. சேரும் ஆண்டில், சேரும் பிரிவுக்கு, கவுன்சில் அனுமதி கையில் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

இந்த விஷயத்தில் தேவ்நார்வாசிகள் கொடுத்துவைத்தவர்கள். செம்பூர் கலெக்டர் காலனியில், பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில், ஹஷு அத்வானி சிறப்புக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. தேசப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்து செம்பூரில் குடியேறிய அகதிகளிடையே வளர்ந்த அரசியல்வாதி ஹஷு அத்வானி. அவர் 1962ல் தொடங்கிய விவேகானந்த கல்விச் சங்கத்தின் கல்லூரி இது. கோவண்டியில் ரயிலேறி வடாலாவில் மாறினால் பாந்த்ரா. அங்கே மத்திய அரசு 1983ல் நிறுவிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் பேச்சு, செவித்திறன் துறைக்கு நாட்டிலேயே தலைமை நிறுவனம். மேற்குப் பகுதியில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே துறை இருக்கிறது. தமிழ்நாட்டுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா பல்கலைக்கழகத்தின் துறை என்று இடங்கள் உண்டு.

இத்தனையும் பக்கத்தில் இருந்தும் தேவ்நார், கோவண்டி, மான்குர்த், டிராம்பே பெண்கள் ஏன் இந்த வேலைக்கு அதிகம் வரவேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இவை அடங்கிய எம் கிழக்கு வார்டு, 2009ஆம் ஆண்டின் மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் நகரத்தின் கடைசி வார்டாக இருந்தது. இங்கே தமிழர்கள் நிறைய. அணுசக்தி ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியிலிருந்து 1976ல் பெயர்க்கப்பட்டு சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய் விடப்பட்டவர்களில் பெரும்பகுதி தமிழர்களே. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஆனால் தமிழ் வீட்டில் காது கேளாத குழந்தை பிறந்துவிட்டால் கதை வேறு. பேச்சுப் பயிற்சி இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோதான் கிடைக்கிறது. வீட்டில் அம்மாவும் ஆச்சியும் பேசுவது திருநெல்வேலித் தமிழ். காலையில் பயிற்சி அறையில் 'பானி' என்று உதட்டைப் பார்த்துக் கற்ற குழந்தை, மாலையில் 'தண்ணி' என்ற உதட்டசைவைப் பார்த்து விழிக்கிறது. பெரும்பாலும் வீட்டு மொழியை விட்டுவிடச் சொல்லி அம்மாவுக்கு ஆலோசனை தருகிறார்கள். அம்மாவுக்கோ அந்த மற்ற மொழி சரியாக வராது. குழந்தையின் சிறப்புக் கல்வியில் பாதி வீட்டில் நடக்க வேண்டியது. அந்தப் பாதி ஊமையாகிவிடுகிறது.

அம்மாவிடம் அவள் மொழியிலேயே 'இதை இப்படிச் சொல்லிக்கொடுங்க அக்கா' என்று விளக்கக்கூடிய ஆசிரியை எங்கிருந்து வருவாள்? அதே தெருவிலிருந்துதான் வர முடியும். இதற்கு முன்மாதிரியும் மும்பையிலேயே உண்டு. மிது அலூர் தன் மகளுக்கு மூளை முடக்குவாதம் இருந்ததால் லண்டனில் சிறப்புக் கல்வி படித்துவிட்டு வந்து 1972ல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். சில குழந்தைகளோடு ஆரம்பித்த அந்த அமைப்பு, அடுத்த தலைமுறையில் தாராவிக்குள் நுழைந்தது. அங்கன்வாடிகளில் மற்றக் குழந்தைகளோடு குறைபாடுள்ள குழந்தைகளையும் உட்காரவைத்து, உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்தது. பெரிய பட்டம் இல்லாத பெண்களாலும் முறையான வழிகாட்டுதல் இருந்தால் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பது அங்கே தெரிந்தது.

அப்படியானால் பட்டமும் பதிவு எண்ணும் எதற்கு என்று கேட்கலாம். பழைய கதையில் அதற்குப் பதில் இருக்கிறது. நாட்டின் முதல் காது கேளாதோர் பள்ளி 1885ல் பம்பாய் மஜ்காவில் ஏற்பட்டது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 1890களில் பள்ளிகள் வந்தன. 1900ல் தாதரில் அமெரிக்க மிஷன் பார்வையற்றோருக்கான பள்ளியை நடத்தத் தொடங்கியது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இத்தகைய பள்ளிகள் பெரும்பாலும் தயவிலும் தர்மத்திலும் ஓடின. கருணை உள்ளவர் எவரும் ஆசிரியர் ஆகலாம் என்ற நிலை. கருணையால் குழந்தை சாப்பிடும், தூங்கும், பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொள்ளும். எழுதப் படிக்குமா என்பது வேறு விஷயம். ஒரு குழந்தைக்கு எது வரும், எது வராது, எந்த வரிசையில் சொல்லித்தர வேண்டும் என்று கணித்து ஆறு மாதத்துக்குத் திட்டம் எழுதுவது பயிற்சியால் வரும் திறமை. 1992 சட்டம் கருணையைத் தொழிலாக்கியது. அப்போதே வேலையில் இருந்த பயிற்சியில்லாதவர்களைக் கைவிட்டுவிடாமல், குறுகிய இணைப்புப் படிப்பு நடத்திப் பதிவேட்டில் சேர்க்கவும் 1990களின் இறுதியில் ஏற்பாடு செய்யப்பட்டது.

வெளிநாடுகளிலும் தகுதி கேட்காமல் விடுவதில்லை. அமெரிக்காவில் இளங்கலையிலேயே சிறப்புக் கல்வியை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். பட்டமும் மாநில உரிமமும் இல்லாமல் அரசுப் பள்ளியில் நிரந்தரமாக வேலை செய்ய முடியாது. இங்கிலாந்தில் முதலில் சாதாரண ஆசிரியராக வேண்டும். அதன் பிறகே காது கேளாதோர், பார்வையற்றோர் வகுப்புகளுக்கான கூடுதல் தகுதியைப் பெற வேண்டும். இந்தியாவோ தொடக்கத்திலிருந்தே தனிப் பாதை போட்டுவிட்டது. சாதாரண ஆசிரியருக்கு ஒரு கவுன்சில், சிறப்புக் கல்விக்கு வேறு கவுன்சில். ஆனால் அமெரிக்காவில் தகுதியைக் கேட்கும் அரசு, 1975ன் சட்டப்படி, ஒவ்வொரு குறைபாடுள்ள குழந்தைக்கும் இலவசமாகத் தகுந்த கல்வி தரும் கடமையையும் பள்ளியின் தலையில் வைத்தது. இந்தியாவில் இந்த இரண்டுக்கும் நடுவே முப்பது ஆண்டு இடைவெளி விழுந்துவிட்டது.

அதுதான் இந்த விவகாரத்தின் முடிச்சு. யார் கற்பிக்கக் கூடாது என்று 1992லேயே சட்டம் சொல்லிவிட்டது. யாராவது கற்பித்தே தீர வேண்டும், அதற்கு இத்தனை பணியிடம் வேண்டும் என்று சொல்ல நீண்ட காலம் பிடித்தது. 1995 சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. 2016 சட்டம் அதை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. குழந்தைகளின் பட்டியல் நீண்டது. ஆசிரியர் பணியிடம் நீளவில்லை. உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் சிறப்புக் கல்வி முடித்துவிட்டு நிரந்தர வேலையில்லாமல் இருந்தவர்கள் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு மத்திய அரசு 2022ல் கணக்கு நிர்ணயித்தது: தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 15 பேருக்கு ஒருவர். மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, தேவையான பணியிடங்களை மூன்று வாரத்தில் அறிவிக்கச் சொன்னது. ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் உழைத்தவர்களின் தகுதியை ஒரு குழு பரிசீலிக்கவும் உத்தரவிட்டது. மகாராஷ்டிர அமைச்சரவை அதற்கு முன்பே, 2024ல், கேந்திரத்துக்கு ஒருவர் வீதம் 4,860 பணியிடங்களுக்கு ஒப்புதல் தந்திருந்தது. ஒரு கேந்திரம் என்பது பல பள்ளிகளின் தொகுப்பு. ஒரே ஆசிரியர் பள்ளி பள்ளியாகப் பஸ் பிடித்து ஓட வேண்டியதுதான்.

இந்த நிலையில் படிப்பு நான்காண்டாக நீளும்போது ஒரு ஆபத்தும் உண்டு. தகுதியை உயர்த்துவது சரிதான். ஆனால் எம் கிழக்கு வார்டுக் குடும்பத்துக்கு நான்காண்டு என்பது நான்கு வருடச் சம்பள இழப்பு. தமிழ் பேசும் ஆசிரியை தேவைப்படும் இடத்துப் பெண்தான் முதலில் விலகிக்கொள்வாள். வசதியுள்ள பகுதிகளிலிருந்து வருபவர் படித்து முடித்துத் தனியார் பள்ளிக்குப் போவார். உதவித்தொகை, மாலை வகுப்பு, திறந்தநிலைப் படிப்பு என்று பக்கப் படிகள் வைக்காமல் ஏணியை மட்டும் உயர்த்தினால் பதிவேடு சுத்தமாக இருக்கும், வகுப்பறை காலியாக இருக்கும்.

அதுவரை வசதி குறைந்த வீட்டுப் பெண்ணுக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் வழி குட்டை ஏணியில் ஏறுவதே. முதலில் இரண்டாண்டு டிப்ளமா. பதிவு எண் வாங்கி வேலையில் சேர்வது. சம்பாதித்துக்கொண்டே இந்திரா காந்தி அல்லது யஷ்வந்த்ராவ் சவாண் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பாடம் ஒன்றில் பட்டம். பிறகு வாய்ப்பிருந்தால் பி.எட். நேர்வழியைவிட நீளம்தான். ஆனால் இரண்டாவது ஆண்டின் முடிவிலேயே கையில் எண் இருக்கும், தெருவில் ஒரு குழந்தைக்காவது சட்டப்படி ஆசிரியை கிடைத்திருப்பாள்.

பெற்றோருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. குழந்தையை ஒப்படைக்கும் முன், 'உங்கள் பதிவு எண் என்ன?' என்று ஆசிரியரிடம் கேட்கலாம். தவறில்லை, தகுதியுள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு பள்ளித் தலைமையாசிரியரிடமும் வார்டு அலுவலகத்திலும் இன்னொரு எண்ணைக் கேட்க வேண்டும்: இந்தப் பள்ளியில் இத்தகைய குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை? முதல் கேள்விக்கு முப்பது ஆண்டுகளாகப் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. கேட்கிறவர்கள் இல்லாவிட்டால் அதுவும் கோப்பில் தூங்கும்.